சுத்தியல் சத்தம் வந்த மரம்

சேலம் பள்ளப்பட்டியில் பிறந்தவனுக்குச் சுத்தியல் சத்தம் கேட்காவிட்டால்தான் தூக்கம் கெடும். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார், அவருக்குப் பிறகு நான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டறை. காலையில் தொடங்கும் டக் டக் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் ஓயும். மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டறையை அங்கேயே விட்டுவிட்டு, குடியிருக்க மட்டும் கன்னங்குறிச்சிப் பக்கம் வந்தோம். வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை, கொஞ்சம் நடந்தால் மூக்கனேரி. முதல் வாரம் அந்த அமைதியே எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது வாரம், மாசி வெயில் ஏற ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். டுக், டுக், டுக், டுக் என்று ஒரே சீராகக் கேட்டது. "பரவாயில்லையே, இங்கயும் ஒருத்தர் பட்டறை போட்டிருக்கார்" என்று வீட்டுக்காரியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். நம்ம தொழில்காரர், போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு தெரு சுற்றினேன். கிழக்கே கேட்கிற மாதிரி இருக்கும், போனால் மேற்கே கேட்கும். அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. வெள்ளியைத் தட்டுகிறவன் நாலு தட்டு தட்டினால் ஐந்தாவதுக்குத் துண்டைத் திருப்ப வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் எந்தக் கைக்கும் தட்ட முடியாது. இது திருப்பவே இல்லை. அறுபது, எழுபது என்று தொடர்ந்து போய், சட்டென்று நின்று, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது.

தெருமுனை வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார் ஒரு பெரியவர். லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டறை எங்கே என்று கேட்டேன். சிரித்துவிட்டு, எழுந்திருக்காமலே விரலை மட்டும் மேலே காட்டினார். பாழடைந்த கிணற்றோரம் நிற்கிற அரசமரம். அதன் உச்சியில் காய்ந்துபோன ஒரு குச்சி. அதில் பச்சையாக, குண்டாக, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு, மார்பிலும் ஒரு சிவப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள். ஒவ்வொரு டுக்குக்கும் தலையை ஒரு பக்கம் ஆட்டியது. தலையைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடுவதால்தான் சத்தம் வேறு வேறு திசையில் இருந்து வருவது போல இருந்திருக்கிறது.

"குக்குறுவான் தம்பி. இதத் தேடிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்க இல்ல" என்றார். செம்மார்புக் குக்குறுவான் என்பது முழுப் பெயர். ஆங்கிலத்தில் இதற்குச் செம்புக் கொல்லன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சேலத்தில் வைத்திருந்தால் கொலுசுக்காரன் என்றுதான் வைத்திருப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவை முனைக்கு முனை நடந்தேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினோம். முப்பத்தொரு மரம். எனக்குப் பெயர் தெரிந்தவை வேம்பு, தென்னை, மா, முருங்கை. மிச்சத்தை எல்லாம் நாற்பத்தாறு வயது வரை "மரம்" என்ற ஒரே பெயரில் ஓட்டியிருக்கிறேன்.

கற்றுக்கொடுத்தது லைன்மேன் அண்ணன்தான். "முப்பது வருஷம் மரத்த வெட்டி வெட்டித்தான் மரம் கத்துக்கிட்டேன்" என்பார். கம்பியில் படுகிற கிளையைக் கழிக்கிறவருக்கு எது சீக்கிரம் வளரும், எது காற்றில் முறியும், எதில் முசுறு எறும்பு கூடு கட்டும் எல்லாம் உடம்பில் ஏறியிருக்கும். அவர் சொன்ன முதல் பாடம், இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதே என்பது.

அதைக் கேட்காமல் நான் பட்ட அவமானம் கொஞ்சம் இல்லை. இதய வடிவ இலையைப் பார்த்து, பூவரச மரத்தை மகளிடம் அரசமரம் என்று அடித்துச் சொன்னேன். மறுவாரம் அதில் மஞ்சள் பூ பூத்து என் மானத்தை வாங்கியது. அரச இலைக்கு நுனியில் வால் நீண்டிருக்கும், கிள்ளினால் பால் வரும், வெளியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பூவே இருக்காது. பூவரசுக்கு வால் கிடையாது. காலையில் மஞ்சளாக விரிகிற பூ வாடும்போது சிவந்துபோகும். அதே மாதிரிதான் குல்மொஹரும் இயல்வாகையும். இரண்டுக்கும் இலை சின்னச் சின்னதாகச் சீப்பு மாதிரி இருக்கும், பூ இல்லாத காலத்தில் எனக்கு இரண்டும் ஒன்று. காயைப் பாருங்கள் என்றார். குல்மொஹர் காய் கத்தி மாதிரி முழ நீளம், மரக்கட்டை போல் இறுகித் தொங்கும். இயல்வாகைக் காய் விரல் நீளத்தில், தட்டையாக, செப்புக்காசு நிறத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும். குல்மொஹர் பூவின் கேசரத்தைக் கொக்கி போட்டு இழுத்துச் சேவல் சண்டை விளையாடிய பயல்தான் நான். விளையாட்டு நினைவிருந்தது, மரம் நினைவில்லை.

போனில் படம் எடுத்துப் பெயர் கேட்கிற செயலிகளையும் பயன்படுத்தினேன். அதில் அனுபவம் இதுதான்: ஒற்றை இலையைக் கொடுத்தால் அது வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. இலையின் முன்பக்கம், பின்பக்கம், அடிமரப் பட்டை, பூவோ காயோ எது இருக்கிறதோ அது, தள்ளி நின்று முழு மரம் என்று நாலைந்து படம் எடுத்து வைத்தால் பெரும்பாலும் சரியாக வருகிறது. அப்படியும் சந்தேகம் இருந்தால் பேசாமல் அடுத்த பருவம் வரை காத்திருக்கலாம். மரம் எங்கேயும் ஓடிவிடாது.

பெயரெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. அண்ணன்தான் சொன்னார், "எல்லா மரத்தையும் பாக்காதீங்க தம்பி. ஒண்ணப் பிடிச்சுக்குங்க. யாரு வர்றா, எப்ப வர்றான்னு பாருங்க." நான் கிணற்றடி அரசைப் பிடித்துக்கொண்டேன். பட்டறைக்குக் கிளம்புமுன் தினமும் இருபது நிமிடம். கையில் டீ, பில் புத்தகம். பைனாகுலர் எல்லாம் கிடையாது, அது வாங்கியது ஒரு வருடம் கழித்து. இன்றைக்கும் சொல்வேன், முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல, காலை ஆறரைக்கு எழுந்திருக்கிற பழக்கம்.

முதல் சில வாரம் காக்கை, மைனா, அணில் தவிர ஒன்றும் இல்லை. சலித்துப்போய் மரத்தை மாற்றலாம் என்று இருந்தேன். அப்போதுதான் காய் பிடித்தது. பட்டாணி அளவுக் காய், கிளையெல்லாம் ஒட்டிக்கொண்டு. அது கருஞ்சிவப்பாகப் பழுக்க ஆரம்பித்த வாரத்தில் இருந்து பில் புத்தகத்தில் எழுத இடம் பற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு வகை வந்தது. குக்குறுவான் நாலு. சின்னான் கூட்டம். சாதா மைனா, கருந்தலை மைனா. பச்சைக்கிளி. ஆண் குயில் கறுப்பாக, பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டு. அதுவரைக்கும் இரண்டும் வேறு வேறு பறவை என்று எழுதி வைத்திருந்தேன். சிவந்த கண்ணைப் பார்த்தபிறகுதான் ஒரே குடும்பம் என்று புரிந்தது. மஞ்சளில் கறுப்பு மை தீட்டின மாங்குயில் ஒன்று இலைக்குள்ளேயே மறைந்து மறைந்து தின்றது. கீழே விழுந்ததைப் பொறுக்க அணில். எல்லோரும் தின்கிற இடத்தில் நிழல் மாதிரி ஒரு வல்லூறு வந்து உட்கார்ந்ததும் மரமே வாயை மூடிக்கொண்டது.

அரசம்பழத்துக்கு ஏன் இப்படி ஒரு கூட்டம் என்று தேடிப் படித்தேன். அரசு, ஆல், அத்தி, இச்சி எல்லாம் ஒரே குலம். நாம் பழம் என்று நினைக்கிறது உண்மையில் உள்பக்கமாகச் சுருட்டி வைத்த பூங்கொத்து. அதன் நுனியில் ஊசிமுனை ஓட்டை ஒன்று உண்டு. கொசுவைவிடச் சின்னக் குளவி ஒன்று அந்த ஓட்டையில் நெருக்கிக்கொண்டு உள்ளே போகும். போகும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். குஞ்சுக் குளவிகள் வளர்ந்து மகரந்தத்தோடு வெளியேறி வேறு மரத்தைத் தேடும். அரசுக்கு ஒரு குளவி, ஆலுக்கு ஒரு குளவி என்று பெரும்பாலும் இனத்துக்கு இனம் தனி. அந்தக் குளவி சில நாள்தான் உயிரோடு இருக்கும் என்பதால், எப்போதும் ஏதாவது ஒரு மரம் காயோடு இருந்தாக வேண்டும். அதனால் எல்லா அரசும் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. கிணற்றடி மரம் ஓய்ந்தபோது ஏரிக்கரை மரம் பழுத்தது, அது முடிந்தபோது கோயில் மரம். மற்ற மரங்களில் ஒன்றும் இல்லாத மாதத்திலும் பறவைக்கு எங்கேயோ ஒரு அரசோ ஆலோ சோறு வைத்திருக்கும். பாழுங்கிணற்றுச் சுவரில் எச்சத்தில் விழுந்து தானாக முளைத்த மரம் இது. யாரும் நட்டதில்லை, யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை.

ராத்திரியில் யார் வருகிறார்கள் என்று பார்க்கப் பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு போனது என் முட்டாள்தனம். வெளிச்சம் அடித்ததும் மரத்தில் இருந்து ஏழெட்டு வௌவால்கள் சிதறின, அன்றைக்குத் திரும்பி வரவேயில்லை. இப்போது டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் கட்டிக்கொள்கிறேன். அதுவும் சில நொடிதான், நேராகக் கண்ணில் அடிப்பதில்லை. இந்தச் சின்ன வௌவால்கள் மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. பழத்தைக் கவ்விக்கொண்டு போய் மறைவான இடத்தில் தொங்கித் தின்று சக்கையைத் துப்பும். எங்கள் தெருவில் அந்த மறைவான இடம், நாலாவது வீட்டு வாசலில் நிற்கிற நெட்டிலிங்கம். அடர்த்தியாகத் தொங்கும் அந்த இலைக்குள் கிளையைக் கடித்து வழி பண்ணிக் கூடாரம் மாதிரி இடம் செய்துகொள்கின்றன. நேர் கீழே அந்த வீட்டுக்காரர் புதுக் கார் நிறுத்துவார்.

விஷயம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரத்தை எடுத்துவிடப்போகிறேன் என்றார். காருக்கு மூன்று மாதத்துக் கடன் தவணைதான் கட்டியிருக்கிறார், அவர் கோபம் நியாயம். வௌவாலின் பெருமையை அவரிடம் பேசினால் எடுபடாது என்று எனக்கே தெரிந்தது. காரை ஆறடி தள்ளி நிறுத்தி ஒரு வாரம் பாருங்கள் என்று மட்டும் கேட்டேன். எச்சம் விழுகிற இடம் ஒரு பாய் விரிக்கிற அகலம்தான், காற்றடித்தாலும் பெரிதாக மாறாது. தள்ளி நிறுத்தினார், தீர்ந்தது. அக்கம்பக்கத்தில் மரச்சண்டை வந்தால் எனக்குத் தெரிந்து பாதி இப்படி ஆறடியில் தீர்கிற சண்டை. ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: வௌவால் கடித்துப்போட்ட பழத்தைத் தொட்டு வாயில் வைக்காதே, விழுந்து கிடக்கிற வௌவாலைக் கையால் எடுக்காதே.

இனி என்னுடைய பாவக் கணக்கு. முதல் வருடம் சித்திரையில் எங்கள் வாசல் வேம்பு மாடிச் சுவரில் உரசுகிறது என்று ஆள் விட்டுக் கிளையைக் கழித்தேன். மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்ட திமிரில் அண்ணனைக் கேட்கவில்லை. மூன்றாவது கிளை விழுந்தபோது அதோடு நாரும் பஞ்சுமாக ஒரு பந்து விழுந்தது. உள்ளே இரண்டு அணில் குட்டி, கண் திறக்காதவை, விரல் கனம்தான். மேலே தாய் அணில் கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டு சுற்றியது. மகள் அழுதாள். நான் பதறிப்போய் அவசரமாகப் பசும்பாலை இங்க் பில்லரில் உறிஞ்சி ஊட்டினேன். ஒரு குட்டி ராத்திரிக்குள் மூக்கில் பால் வந்து செத்துப்போனது.

காலையில் அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தாய் மேலயே இருக்குது, நீங்க எதுக்குத் தம்பி தாயானீங்க?" என்று கேட்டார். சின்னக் கூடையில் பழந்துணி போட்டு, மிச்சக் குட்டியை வைத்து, அடிமரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொன்னார். எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஜன்னல் இடுக்கில் மகள் மட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாய் இறங்கி வந்து, ஏறிப்போய், மறுபடி இறங்கி, கடைசியில் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போனது. கையால் தொட்டால் தாய் சேர்க்காது என்று நானும் சின்ன வயதில் இருந்து கேட்டதுதான். சேர்த்தது.

பறவைக் குஞ்சுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூடு தெரிந்தால் கூட்டிலேயே வைத்துவிடலாம். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது. பூனை, நாய் எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், பெற்றவை பக்கத்தில்தான் இருக்கும். அடிபட்டிருந்தால் காற்றுப்போகிற அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குப் போன் செய்வதுதான் வழி. தண்ணீரைக் கூட வாயில் புகட்டக் கூடாது. மாசியில் இருந்து ஆடி வரைக்கும் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு மரத்தில் கூடு இருந்துகொண்டே இருக்கிறது. அதனால் இப்போது புரட்டாசியில், மழைக்காற்று வருமுன், அவசியமான கிளையை மட்டும் கழிக்கிறேன். எந்த மாதமானாலும் சரி, அரிவாளை எடுக்குமுன் அந்தக் கிளையைப் பத்து நிமிடம் அண்ணாந்து பார்க்கிறேன். ஒரே கிளைக்குக் குச்சியோ நாரோ கவ்விக்கொண்டு யாராவது திரும்பத் திரும்பப் போனால் அரிவாள் உள்ளே போய்விடும்.

மூக்கனேரிக்குப் போகிற வளைவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். இந்த மரம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது, குல்மொஹர் மடகாஸ்கரில் இருந்து. நாட்டு மரம்தான் வேண்டும், வெளிநாட்டு மரமெல்லாம் வீண் என்று பேசுகிறவர்களோடு நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன். புதிதாக நடும்போது நாட்டு மரம் நடலாம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வயதான மரத்துக்குப் பிறந்த ஊர் பார்க்கக் கூடாது என்று இந்தத் தூங்குமூஞ்சி எனக்குப் புத்தி சொன்னது. எப்போதோ கிளை வெட்டின இடம் உளுத்துப் பொந்தாகியிருக்கிறது. கீழ்ப் பொந்தில் மைனா, நடுவில் கிளி, மேலே புள்ளி ஆந்தை ஜோடி. மூன்று குடித்தனம், வாடகை கிடையாது.

ஆந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் தெருவில் முணுமுணுப்பு வந்தது. வீட்டுப் பக்கம் ஆந்தை அலறினால் ஆகாது, கிளையை இறக்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் வாயைத் திறக்குமுன் எதிர்வீட்டு ஆயா முடித்துவிட்டார். "ஆந்தை அலறி சாவு வர்றதுன்னா சாமி, இந்தத் தெருவுல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம். நான் எம்பது வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்." காட்டில் சோளம் போட்டு வளர்ந்தவர். ஆந்தை உட்கார வரப்போரம் குச்சி நட்டு வைப்பார்களாம், எலிக்கு. இப்போது ஆறரை மணிக்கு ஆந்தைகள் வெளியே வந்து கம்பியில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும்போது, தெருப்பிள்ளைகள் எதிரே நின்று அதே மாதிரி ஆட்டுகிறார்கள்.

பட்டுப்போன கிளையைப் பற்றி என் எண்ணம் அடியோடு மாறியது இந்த மரத்தால்தான். வழியில் போகிறவர் தலையில் விழுகிற இடத்தில் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி காய்ந்த கிளை என்பது காலி வீடு. குக்குறுவானும் மரங்கொத்தியும் பெரும்பாலும் காய்ந்த, இளகின கட்டையில்தான் பொந்து குடையும். அவை விட்டுப்போன பொந்தில் வேறு யாராவது குடியேறும். அழகாக இருக்கட்டும் என்று காய்ந்ததை எல்லாம் கழித்துத் துடைத்து வைத்த தெருவில் கிளி எங்கே முட்டை வைக்கும்? சேலத்துச் சாமிக்கே சுகவனேசுவரர் என்று பெயர். கிளிகள் நிறைந்த வனத்துக்கு ஈசன். சுகம் என்றால் கிளி. கோயிலைச் சுற்றி இன்றைக்கு இருப்பது கடைத்தெரு. கிளிக்கு என்று ஊரில் மிச்சம் இருப்பது இப்படி வளைவில் நிற்கிற நாலு கிழட்டு மரம்தான். கூண்டில் வைத்துப் பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர் வீட்டிலேயே ஒன்று இருந்தது, அதற்காக நான் பேசி ஒரு தீபாவளி கெட்டது.

அந்த வளைவு மரத்துக்கும் ஒரு ஆபத்து வந்தது. பக்கத்தில் கட்டடம் கட்டியவர் வாசலை மறைக்கிறது என்று ஆள் கூட்டி வந்துவிட்டார். அன்றைக்குக் கற்றுக்கொண்டது: பொது இடத்து மரத்தை யாரும் நினைத்தால் வெட்ட முடியாது. ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதன் அனுமதி வேண்டும். அனுமதித் தாளைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டோம். தாள் இல்லை. ஆட்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சத்தம் போட்டிருந்தால் வெட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

புங்கை மரங்களுக்கு வேறு பிரச்சினை. சிமென்ட் ரோடு போட்டவர்கள் அடிமரம் வரைக்கும் பூசிவிட்டுப் போயிருந்தார்கள், கழுத்தில் கயிறு கட்டின மாதிரி. ஒரு ஞாயிறு கடப்பாரையும் பட்டறை உளியும் எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் ஆறு மரத்துக்கும் சுற்றி இரண்டடி பெயர்த்து எடுத்தோம். வேரைக் குத்தாமல் மேலாக மட்டும் உடைக்க வேண்டும், அதுதான் நேரம் பிடிக்கும். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள் இருபத்தேழு எடுத்தோம். மறுவருடம் பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளதளவென்று துளிர்த்துப் பூத்தபோது, காலையில் மரத்தடியில் நின்றால் தேனீ இரைகிற சத்தம் மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது.

கொட்டின இலையில்தான் ஆயாவுக்கும் எனக்கும் தகராறு. அவர் தினமும் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார். தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏழெட்டாகச் சேர்ந்தே திரியுமே, அது இலைச்சருகைப் புரட்டிப் புரட்டித்தான் பூச்சி பிடிக்கும். சருகைக் கொளுத்தினால் அதற்குச் சோறு போய்விடும், ஒரு மூலையில் குவித்து மட்டும் வையுங்கள் ஆயா என்றேன். "குப்பைய வாசல்ல வெச்சா லச்சுமி எங்க கண்ணு வருவா?" என்றார். வாசலில் வேண்டாம், கிணற்றோரம் என்று பேரம் பேசி ஒத்துக்கொண்டார். இப்போது அங்கே சருகு மக்கி மண்ணாகிறது. போன மழைக்குப் பிறகு ஆயாவே அதை அள்ளித் தன் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுக்கொண்டார். அந்தச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கிறது என்று மருந்தடிக்கப் போனவரை மகள் தடுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் அது பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறுப்பாக ஒரு பட்டாம்பூச்சி வெளியே வந்தது. கறிவேப்பிலை அழகி என்றே அதற்குப் பெயர்.

புதிதாக நட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மேலே பாருங்கள் என்பதுதான். மின்கம்பி போனால் அங்கே புங்கையோ நாவலோ வைத்துவிட்டு வருடா வருடம் மொட்டையடிப்பதில் அர்த்தமில்லை. கம்பிக்குக் கீழே கறிவேப்பிலை, எலுமிச்சை போதும். கம்பி இல்லாத இடத்தில் சிங்கப்பூர் செர்ரி வைத்தால் சீக்கிரம் காய்த்துவிடும், சின்னானும் பூக்கொத்தியும் வராமல் இருக்காது. அரசும் ஆலும் வீட்டுச் சுவரோரம் வேண்டாம், ஏரிக்கரை, கோயில் வெளி என்று விசாலமான இடம் வேண்டும். நாவல் வைத்தால் ஆனியில் தரையெல்லாம் ஊதாக் கறை என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

மூக்கனேரியையே பாருங்களேன். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரியபோது அந்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் கரையில் நின்றால் நீர்க்காகமும் கொக்கும் அந்தத் திட்டு மரங்களில் அடைவதைப் பார்க்கலாம். ஏற்காட்டுக்கு ஆர்டர் கொடுக்கப் போகும்போதும் கண் இப்போது மரத்துக்குத்தான் போகிறது. காப்பித் தோட்டங்களில் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் நிழலுக்காக ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது, மிளகுக்கொடி ஏற வசதி. அதற்கு நடுவே பழைய அத்தியோ பலாவோ ஒன்று விட்டுவைத்திருந்தால் வண்டியை நிறுத்தாமலே தெரியும், அந்த ஒரு இடத்தில் மட்டும் காடு பேசும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வாசலில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எழுதிப் பதிவேற்றினால் போதும். இந்த வருடம் எங்கள் தெருவில் ஐந்து வீடு எழுதியது, நாலாவது வீட்டுக்காரரும் சேர்த்தி. கார் மேல் என்ன என்ன எச்சம் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று மகள் கிண்டல் செய்தாள்.

போன மாசியில் ஒரு நாள் பட்டறைத் தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். மதியம் பன்னிரண்டு. வழக்கம்போல இருபது பட்டறைச் சத்தம். நாலு தட்டு, இடைவெளி. நாலு தட்டு, இடைவெளி. அந்தச் சந்தடிக்கு நடுவே ஒன்று மட்டும் திருப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயில் அரசமரத்தை அண்ணாந்து பார்த்தேன். நான் பிறந்ததில் இருந்து அங்கே நிற்கிற மரம், அப்பா அதன் கீழேதான் சைக்கிள் நிறுத்துவார். உச்சியில் காய்ந்த குச்சி. அதில் பச்சையாக, குண்டாக.

பற்றவைக்கிற பையன் வெளியே வந்து, "என்னண்ணா மேல பாக்கறீங்க?" என்றான்.

"எத்தன பட்டறை ஓடுதுன்னு எண்ணிப் பாரு" என்றேன். அவன் காதைக் கொடுத்து, விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தான்.